முதலில் பனிக்காலம், அப்புறம்தான் மீன்

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு சடங்கு நடக்கும். கோடை முழுக்க வெளியே வெயில் குடித்த கறிவேப்பிலைத் தொட்டியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, வீட்டுக்குள் ஜன்னலோரமாக வைப்பார்கள். ஏப்ரல் வரை அதற்கு அங்கேதான் வாசம். நான் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். பின்கட்டில் அக்வாபோனிக்ஸ் (ஒரே தண்ணீரில் மீனையும் செடியையும் சேர்த்து வளர்ப்பது) போட்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதே வாரத்தில் இன்னொரு கவலையும் வரும். ஆயிரம் லிட்டர் தண்ணீரையும் அதில் நீந்தும் நாற்பது மீனையும் எந்த ஜன்னலோரத்தில் வைப்பது?

முதல் வருடம் இந்தக் கேள்வியை நான் நவம்பரில்தான் கேட்டுக்கொண்டேன். மே மாதம் திலாப்பியாக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தேன். அவை தக்காளிக்கும் துளசிக்கும் உரம் கொடுத்துக்கொண்டு, கை நீட்டினால் மேலே வந்து வாய் பிளந்துகொண்டு, செல்லப்பிராணி மாதிரியே வளர்ந்தன. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டதுதான் தப்பு. நவம்பர் நடுவில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி மூன்று இரவு அடித்தது. மூன்றாம் நாள் காலையில் தெர்மாமீட்டர் 11 டிகிரி காட்டியது (கட்டுரை முழுக்க செல்சியஸ்தான்). மீன்கள் அடியில் ஒருக்களித்துக் கிடந்தன. செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை அசைந்தது. ஓடிப்போய் ஹீட்டர் வாங்கி வந்து போட்டேன். வெந்நீர் ஊற்றினேன். நாற்பதில் ஒன்பது பிழைத்தன. அந்த ஒன்பதையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொரித்தோம். சாப்பாட்டு மேஜையில் யாரும் அதிகம் பேசவில்லை.

இந்தக் கணக்கில் தவறு எங்கே என்று யோசித்தால், நவம்பரில் இல்லை, மே மாதத்தில்தான். எந்த மீன் வேகமாக வளரும், எது ருசி, எது எளிதாகக் கிடைக்கும் என்று பார்த்து மீனை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பனிக்காலத்தை என்ன செய்வது என்று விழிக்கிறோம். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மீன் தானாகவே தேர்வாகிவிடும்.

மீன் வந்தது, கூரை வரவில்லை

அக்வாபோனிக்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மீன் அம்மோனியாவைக் கழிக்கிறது. சரளைக்கல் நிரப்பிய செடித் தொட்டிகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மீனுக்கே திரும்புகிறது. மீன், நுண்ணுயிர், செடி என்று மூன்று கூட்டாளிகள். மூவருக்கும் பிடித்த வெப்பம் வேறு வேறு என்பதுதான் பனிக்காலத்தின் முழுச் சிக்கலும்.

சரி, எல்லோரும் ஏன் திலாப்பியாவில் போய் விழுகிறோம்? இந்தத் தொழில்நுட்பத்தின் பிறப்பைப் பார்த்தால் புரியும். மிதவைப் பலகையில் கீரை வளர்க்கும் முறையைப் பெரிய அளவில் செய்து காட்டிய ஜேம்ஸ் ரகோசி வேலை பார்த்தது வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில், செயின்ட் குரோய் தீவில். கரீபியன் கடல். அங்கே ஜனவரி என்றாலும் காற்று 25 டிகிரியில் நிற்கும். 1980களில் எங்கள் ராலேயிலேயே, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி திலாப்பியாத் தொட்டித் தண்ணீரை மணல் பாத்திகளுக்குப் பாய்ச்சிக் காய்கறி எடுத்தார். அது கண்ணாடிக் கூடாரத்துக்குள் நடந்தது. அதைப் பார்த்து மிசௌரி மாநிலத்தில் ஸ்பெரானியோ தம்பதி மணலுக்குப் பதில் சரளை போட்டு, நிறைந்து வடியும் தொட்டி முறையைப் பரப்பினார்கள். இன்று உலகம் முழுக்கப் பின்கட்டில் ஓடும் அமைப்புகளுக்கு அதுதான் பாட்டன். அவர்களிடமும் சூரியக் கூடாரம் இருந்தது.

ஆக, சமையல் குறிப்பு எழுதப்பட்டதெல்லாம் வெப்பமண்டலத்திலோ கூடாரத்துக்குள்ளோதான். நாம் அதிலிருந்து மீனை மட்டும் எடுத்துக்கொண்டோம். கூரையை விட்டுவிட்டோம்.

திலாப்பியாவுக்கு, குறிப்பாக நைல் திலாப்பியாவுக்கு, 27 முதல் 30 டிகிரி வரை சொர்க்கம். 20-க்குக் கீழே போனால் சாப்பாட்டில் ஆர்வம் குறையும். 17 வாக்கில் வாயை மூடிக்கொள்ளும். 12-க்கும் 10-க்கும் நடுவில் சாகும். நீலத் திலாப்பியா என்ற வகை இன்னும் இரண்டு மூன்று டிகிரி தாங்கும், அவ்வளவே. நம்ம ஊர் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பம்தான். மேட்டூர் அணையிலும் வைகையிலும் அது கொழிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ‘எதையும் தாங்கும் மீன்’ என்ற நினைப்பு உள்ளே ஊறிக் கிடக்கிறது. அழுக்கைத் தாங்கும், நெரிசலைத் தாங்கும், பிராணவாயு குறைவைத் தாங்கும். குளிரைத் தாங்காது.

இதற்கு எங்கள் மாநிலத்திலேயே நல்ல சாட்சி உண்டு. ஹைக்கோ ஏரி ஓர் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்பு நீருக்காகக் கட்டப்பட்டது. 1980களில் சிவப்பு வயிற்றுத் திலாப்பியா எப்படியோ அதில் புகுந்து, சில வருடங்களிலேயே ஏரியின் நீர்த்தாவரங்களை மொட்டையடித்துவிட்டது. பனிக்காலத்தில் அது பிழைத்ததற்குக் காரணம் மின்நிலையம் கக்கும் வெந்நீர். மற்ற இடங்களில் அது தலையெடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்த வெந்நீர் இல்லாதது. நம் கொல்லையில் மின்நிலையம் இல்லை, மின்கட்டணம்தான் இருக்கிறது.

சூடேற்றிப் பார்த்த கதை

இரண்டாம் வருடம் பிடிவாதமாகச் சூடேற்றினேன். இதன் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டால் பலருக்கு ஆசை விட்டுப்போகும்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். இது இயற்பியல், இதில் பேரம் கிடையாது. வெளியே சராசரி 4 டிகிரி, உள்ளே 24 வேண்டும் என்றால், போர்வை எதுவும் இல்லாத பிளாஸ்டிக் தொட்டி ஒரு நாளைக்கு 15 முதல் 20 யூனிட் வரை வெப்பத்தைக் காற்றுக்குத் தாரை வார்க்கும். ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் ஃபோம் பலகையை நாலு பக்கமும், அடியிலும், மூடியிலும் ஒட்டினால் அந்தக் கணக்கு இரண்டு மூன்று யூனிட்டுக்கு இறங்கிவிடும். நானும் ஒட்டினேன். ஆனாலும் பிளக் மீட்டர் ஒரு நாளைக்கு 19 யூனிட் என்று காட்டியது.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. செடித் தொட்டிகள்! பம்பு ஒவ்வொரு முறையும் சூடான தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், வானத்தைப் பார்த்துக் கிடக்கும் சரளையில் பரப்பி, குளிரவைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கார் ரேடியேட்டர் செய்கிற வேலையை அது அப்படியே செய்தது. மீன் தொட்டிக்குக் கம்பளி போர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. பம்பை டைமரில் போட்டு, பகல் 11 மணி முதல் 4 மணி வரை மட்டும் ஓடவிட்டதும் 6 யூனிட்டுக்கு வந்தது. கூடவே கல்லில் இருக்கும் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் குளிரில் கிடந்தன. தண்ணீரில் அம்மோனியா ஏறியது. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது.

அந்த 19 யூனிட்டையே வைத்துப் பார்ப்போம். எங்கள் ஊரில் யூனிட் சுமார் 14 சென்ட். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என 90 நாளைக்கு ஏறத்தாழ 240 டாலர். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட சிறு அக்வாபோனிக்ஸ் வழிகாட்டி, ஆயிரம் லிட்டருக்கு 10 முதல் 20 கிலோ மீன்தான் பாதுகாப்பு என்கிறது. மேல் கணக்கான 20 கிலோவையே எடுத்தாலும் கிலோவுக்கு 12 டாலர் வெந்நீர்ச் செலவு. திலாப்பியாவில் முள் நீக்கிய சதை மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வஞ்சிரத்தையே விமானத்தில் வரவழைத்துவிடலாம்.

சூட்டைக் காசு கொடுத்து வாங்காமல் சேமித்து வைக்க முடியாதா? முடியும். 1969-ல் தொடங்கப்பட்டு மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் இயங்கிய நியூ அல்கெமி நிறுவனத்தார் அதைத்தான் செய்தார்கள். ஒளி ஊடுருவும் ஃபைபர்கிளாஸில் ஆளுயர உருளைத் தொட்டிகள் செய்து, கூடாரத்துக்குள் வரிசையாக நிறுத்தி, அதில் திலாப்பியா விட்டார்கள். பகலில் வெயிலைத் தண்ணீர் குடித்துக்கொள்ளும், இரவில் கூடாரத்துக்கே சூடு கொடுக்கும். 1976-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் இதே யோசனையில் ‘ஆர்க்’ என்ற வீடே கட்டித் திறந்தார்கள். அங்கே தண்ணீரே அடுப்பு, தண்ணீரே குளம். கூடாரம் கட்ட இடமும் பணமும் இருப்பவர்கள் அந்த வழியில் போகலாம். எனக்கு இரண்டும் இல்லை. குடியிருப்பு சங்கம் கூடாரத்துக்கு அனுமதியும் தராது.

தீபாவளிக்குள் தின்று தீர்ப்பது

திலாப்பியாதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. அதை மாடு மாதிரி நினைக்காதீர்கள், கத்தரி மாதிரி நினையுங்கள். கத்தரிச் செடியை யாரும் பனிக்காலம் தாண்டிக் காப்பாற்றப் பார்ப்பதில்லை. நட்டோம், காய்த்தது, பிடுங்கினோம். மே மாதத் தொடக்கத்தில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியதும் விட்டு, அக்டோபரில் 18-க்கு இறங்கும்போது முழுத் தொட்டியையும் அறுவடை செய்து ஃப்ரீசரில் அடுக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அது ஒரு கிராம்கூட ஏறாது, ஆபத்துதான் ஏறும்.

இதில் ஓர் இடறல் உண்டு. ஐந்தரை மாதத்தில் விரலளவுக் குஞ்சு 250, 300 கிராம்தான் வரும். உள்ளங்கை அளவு மீனாக விட்டால் அரைக் கிலோவை நெருங்கும். அதனால் பனிக்காலம் தாண்ட வேண்டியது பெரிய மீன் இல்லை, குஞ்சு. கராஜில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு சின்ன ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதில் நாற்பது ஐம்பது விரலளவுக் குஞ்சுகள். ஆயிரம் லிட்டருக்குக் கொடுக்கும் சூட்டில் சொற்பப் பங்கு இதற்குப் போதும். கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே கொண்டு வருவதற்கு இணையான வேலை இது ஒன்றுதான். பெண் திலாப்பியா முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். அப்படி வாயை மூடிக்கொண்டு மூலையில் நிற்கும் ஒரு தாய் மீனைக் கராஜுக்குக் கொண்டுவந்தால் அடுத்த வருட விதைக்கும் வழி ஆகிவிட்டது. ஆனால் ஆணும் பெண்ணும் கலந்த தொட்டியில் மீன்கள் வளர்வதை விட்டுவிட்டுக் குடும்பம் நடத்தும் என்பதால், ஆண் குஞ்சுகளாக வாங்குவதையே பலரும் விரும்புகிறார்கள்.

தூங்கத் தெரிந்த மீன்கள்

மூன்றாவது வழிதான் நான் கடைசியில் வந்து சேர்ந்தது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தப் பனியைக் காலங்காலமாகப் பார்த்த மீன்களை வைத்துக்கொள்வது. எங்கள் பக்கம் இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கும்: சேனல் கெளுத்தி, புளூகில்.

புளூகில் கையகல மீன். ஏரிகளில் குழந்தைகள் முதலில் தூண்டிலில் பிடிப்பது இதைத்தான். பனிக்கட்டிக்கு அடியிலும் உயிரோடு இருக்கும். ருசியில் குறையே இல்லை. வளர்ச்சிதான் ஆமை வேகம், சாப்பிடும் அளவுக்கு வர இரண்டு வருடம் பிடிக்கும். ஆண் புளூகிலையும் பெண் பச்சை சன்ஃபிஷ்ஷையும் சேர்த்து எடுத்த கலப்பினம் கொஞ்சம் வேகம். குஞ்சுகளில் பெரும்பாலும் ஆணாகவே வருவதால் தொட்டியில் பெருக்கமும் குறைவு. முழு மீனாகக் கீறி மசாலா தடவிப் பொரிக்கிற வீடுகளுக்கு இது பொருந்தும். துண்டு போட்டுக் குழம்பு வைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சேனல் கெளுத்தி வேறு ஜாதி. மிசிசிப்பி மாநிலத்தில் குளம் குளமாக வளர்ப்பது இதைத்தான். 27, 28 டிகிரியில் கிடுகிடுவென்று வளரும். 10-க்குக் கீழே போனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சாகாது. இந்த இரட்டைக் குணம்தான் இதன் மதிப்பு. ஏப்ரலில் 15 சென்டிமீட்டர் குஞ்சாக விட்டால் முதல் பனிக்காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு, இரண்டாவது கோடையில் அரைக் கிலோவைத் தாண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. முதுகிலும் பக்கத்திலும் முள் உண்டு, பிடிக்கும்போது கவனம்.

தூங்கும் மீனுக்கு நாம் செய்ய வேண்டியது குறைவு. செய்யக் கூடாதது அதிகம்.

தீவனத்தைத் தெர்மாமீட்டர் பார்த்துப் போட வேண்டும், பாசம் பார்த்துப் போடக் கூடாது. தண்ணீர் 13 டிகிரிக்கு மேல் இருக்கும் மதிய வேளைகளில் ஒரு சிட்டிகை, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். 10-க்குக் கீழே எதுவும் வேண்டாம். மீன் இளைத்துவிடுமே என்று தோன்றும். கொஞ்சம் இளைக்கும், மே மாதத்தில் ஈடு கட்டிவிடும். தின்னாமல் மிதக்கும் உருண்டைகள்தான் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு நிறையக் கரையும். 30 டிகிரியில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வரை நிற்பது 10 டிகிரியில் 11.3 வரை நிற்கும். அதே சமயம் மீனின் தேவை பல மடங்கு குறைந்திருக்கும். அதனால் ஜனவரியில் பனிமழை பெய்து, மரக்கிளை ஒடிந்து கம்பியில் விழுந்து, ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போனாலும் கெளுத்திக்கு ஒன்றும் ஆவதில்லை. இதே கரண்ட் ஜூலையில் இரண்டு மணி நேரம் போனால் தொட்டியே காலி. எங்கள் தெருவில் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பவர்கள் பனியைப் பார்த்துப் பார்க்கிறார்கள். நான் பயப்படுவது கோடை இடிமழைக்கு.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் குளத்தில் அந்த 4 டிகிரித் தண்ணீர் அடியில் தங்க, 0 டிகிரி மேலே பனிக்கட்டியாக நிற்கும். மீன் அடியில் பிழைத்துக்கொள்ளும். நம் தொட்டியில் பம்பும், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் அடியில் இருந்துகொண்டு இந்த அடுக்கைக் கலக்கிவிடுகின்றன. டிசம்பர் வந்ததும் இரண்டையும் மேல் பாதிக்குத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். ஏர் ஸ்டோன் கொப்பளிக்கும் இடத்தில் பனி மூடாமல் ஓர் ஓட்டை நிற்கும், கெட்ட வாயு வெளியேற அது போதும். மூடிவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள், அந்த அதிர்வு மீனைத் தாக்கும். ஒரு பாத்திரம் வெந்நீரை மேலே வைத்தால் வட்டமாகக் கரையும். தொட்டியைப் பாதியாவது மண்ணில் புதைத்துவிட்டால் இந்த வேலையெல்லாம் பாதியாகும். எங்கள் பக்கம் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மண் வருடம் முழுக்க 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். அவ்வளவு ஆழம் தோண்ட முடியாது. ஆனால் முக்கால் மீட்டர் தோண்டினாலே இரவுக் குளிரின் உதை குறைவது தெரிகிறது.

பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, குளிர் திடீரென்று இறங்குவதற்குத்தான். மிதமான ஒரு வாரத்துக்குப் பிறகு தண்ணீர் சட்டென்று 15-க்குக் கீழே விழுந்தால் கெளுத்தியின் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். சாப்ரோலெக்னியா என்ற பூஞ்சைக்கு அதுதான் சமயம். தோலில் பழுப்பேறிய பஞ்சு ஒட்டியது போல் திட்டுத் திட்டாக வரும். அந்த நாட்களில் மீனைக் கையால் தொடுவது, வலையில் அள்ளுவது, எடை பார்ப்பது எல்லாம் அதன் வழவழப்பைச் சுரண்டிப் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை. வளர்ச்சியை அளந்து பார்க்கும் ஆசையை அக்டோபரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதத்துக் கண்ணி

பனிக்காலத்தைத் தாண்டிய மீன்கள் பனிக்காலம் முடிந்த பிறகு சாவதுதான் இந்தக் கலையில் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆன விஷயம்.

மார்ச் கடைசியில் நாலு நாள் நல்ல வெயில். தண்ணீர் 16, 17-க்கு ஏறுகிறது. கெளுத்திகள் மேலே வந்து வாய் திறக்கின்றன. நாலு மாதம் பட்டினி கிடந்த பிள்ளைகள் என்று நாமும் அள்ளிப் போடுகிறோம். மீனின் பசி வெயிலோடு எழுந்துவிட்டது, ஆனால் சரளையில் இருக்கும் நுண்ணுயிர்களின் கூட்டம் இன்னும் எழவில்லை. அவற்றின் வேகம் 18 டிகிரியில் பாதியாகவும், 10 டிகிரி வாக்கில் கால் பங்காகவும் குறைந்துவிடும். 4-க்கு வந்தால் நின்றே போகும். குறைந்த கூட்டம் திரும்பப் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதிலும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் கூட்டம் முன்னால் எழும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் கூட்டம் பின்னால்தான் வரும். இடைப்பட்ட நாட்களில் நைட்ரைட் குவியும்.

நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் வேலையைக் கெடுத்துவிடும். ஏர் பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மீன் மட்டும் மேற்பரப்பில் மூச்சுக்குத் தவிக்கும். பிடித்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் சாக்லேட் நிறம். கெளுத்திப் பண்ணைக்காரர்கள் இதை ‘பழுப்பு ரத்தம்’ என்கிறார்கள். கெளுத்திக்கு இது மற்ற மீன்களைவிடச் சட்டென்று பிடிக்கும்.

மருந்து நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வாசலில் நைட்ரைட்டோடு இடம் பிடிக்கப் போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். நைட்ரைட்டைப் போலப் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் கெளுத்திக்குப் பாதுகாப்பு என்பது பண்ணைக் கணக்கு. ஆயிரம் லிட்டருக்கு அரைக் கிலோ உப்பு போட்டால் லிட்டருக்கு 300 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும், பின்கட்டுத் தொட்டிக்கு இது தாராளம். அயோடின் சேர்க்காத கல்லுப்பாக இருக்கட்டும், கரைத்து ஊற்றுங்கள். இந்த அளவுக்குக் கொத்தமல்லியும் கீரையும் கோபித்துக்கொள்ளாது, ஸ்ட்ராபெரி கொஞ்சம் முகம் சுளிக்கும். நான் இப்போது பிப்ரவரி கடைசியிலேயே உப்பைப் போட்டுவிடுகிறேன். மார்ச் முழுக்க, மீன் எவ்வளவு கெஞ்சினாலும், நைட்ரைட் சோதனைக் குழாய் நிறம் மாறாத நாட்களில் மட்டும் ஒரு கைப்பிடி தீவனம்.

ஆளை மாற்றுவது

நாலாவது வழியும் உண்டு. கோடைக்கு ஒரு மீன், பனிக்கு ஒரு மீன். ஆஸ்திரேலியாவில் திலாப்பியா தடை செய்யப்பட்ட தொல்லை மீன் என்பதால், பெர்த் பக்கத்துப் பின்கட்டுக்காரர்கள் கோடையில் பாரமுண்டியும் (நம் கொடுவாதான்) குளிரில் டிரவுட்டும் வளர்த்து இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு இது இன்னும் வசதி. அமெரிக்காவில் ஐடஹோவுக்கு அடுத்தபடியாக டிரவுட் வளர்ப்பில் முன்னால் இருப்பது வட கரோலினா. மேற்கு மலைப் பகுதியில் பண்ணைகள் உண்டு. நவம்பரில் 20 சென்டிமீட்டர் ரெயின்போ டிரவுட்டை விட்டால், மற்ற மீன்கள் தூங்கும் 13, 14 டிகிரியில் அது ஓடியாடித் தின்னும். செடிக்கும் பனிக்காலத்தில் பட்டினி இருக்காது. வெந்தயக் கீரையும் கொத்தமல்லியும் அந்தக் குளிரில்தான் நன்றாக வரும். 20 டிகிரியைத் தொடுவதற்குள், எங்கள் பக்கம் ஏப்ரல் கடைசிக்குள், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். 24-ஐத் தாண்டினால் தொட்டியில் பிணம்தான். தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும், செலவு அதிகம். துள்ளும், மேலே வலை கட்டாவிட்டால் காலையில் புல்லில் கிடக்கும்.

டிரவுட் நமக்குப் புது மீன் இல்லை. நீலகிரி ஓடைகளுக்கு அதைக் கொண்டுவர ஆங்கிலேயர்கள் 1860களிலேயே முயன்று தோற்று, 1909-10 வாக்கில் ஹெச்.சி. வில்சன் காலத்தில்தான் ரெயின்போ டிரவுட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் அதன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கட்டுரையின் கவலை பொருந்தும் இடம் அந்த உயரம்தான். சமவெளியில் மார்கழிக்கு மீன் கொஞ்சம் சோம்பும், அவ்வளவே.

எந்த வழியில் போனாலும் வாங்குவதற்கு முன் மாநில வனவிலங்குத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திலாப்பியாவில் எந்த வகையை வைத்துக்கொள்ளலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிஞ்சிய மீனை ஏரியில் கொண்டுபோய் விடும் புண்ணிய காரியத்தை மட்டும் எந்த மாநிலத்திலும் செய்யாதீர்கள். ஹைக்கோ ஏரியின் கதை போதும்.

இனி அடுப்பங்கரை. தொட்டி மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்ற புகார் எல்லா வீட்டிலும் வரும். அது சேறு இல்லை, ஜியோஸ்மின். தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள். புதுமழை மண்வாசனையும் இதே ஜியோஸ்மின்தான், மண்ணில் கவிதை, மீனில் வம்பு. அறுக்கும் முன் நாலைந்து நாள் தனித் தொட்டியில், சுத்தமான தண்ணீரில், தீவனம் இல்லாமல் விட்டால் குறைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் வாடை போக அதிக நாள் பிடிக்கும், கொழுப்பேறிய மீனுக்கு இன்னும் அதிகம். அதனால் கெளுத்தி அறுவடையை நான் செப்டம்பரிலேயே வைத்துக்கொள்கிறேன்.

போன செப்டம்பரில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். முதல் கெளுத்தியைத் தோலுரித்துக் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“ஏலே, மீசையைத் தவிர ஒண்ணும் நம்மூர் மாதிரி இல்லியே. என்னத்தப் போட்டு வளத்த?”

“கடைத் தீவனம்தாம்மா. ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வருஷமா? நடுவுல பனி பெய்ஞ்சுதே, அப்ப எங்க வச்சிருந்த?”

“அதுலதான்.”

அவள் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், புளியைக் கொஞ்சம் கூடுதலாகவே கரைத்தாள்.